கல்யாணத்துக்கு முன் தலசீமியா பரிசோதனை: எங்கள் அனுபவம்

தங்கைக்கு மாமாவின் மகனைப் பேசி முடித்திருக்கிறோம். தலசீமியா என்பது பெற்றோர் வழியாக வரும் குருதி நோய். சொந்தத்துக்குள் நடக்கும் கல்யாணம் என்பதால், நாள் குறிப்பதற்கு முன்னரே இருவரையும் ஊவாவிலுள்ள அரசாங்க வைத்தியசாலையொன்றின் தலசீமியா பரிசோதனைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். கட்டணம் கிடையாது, ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் குருதி எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே "இரத்தம் குறைவு" என்று தங்கைக்கு இரும்புக் குளிசை கொடுத்து வந்தார்கள். தோட்டப் பக்கத்தில் இது பல வீட்டுக் கதை. செங்குழியங்கள் சிறுத்திருப்பதற்கு இரும்புக் குறைபாடும் காரணமாகலாம், தலசீமியாக் காவியாக, அதாவது நோய் இல்லாமல் பழுதான பரம்பரையலகை மட்டும் சுமப்பவராக, இருப்பதும் காரணமாகலாம். குருதிக்குச் சிவப்பு நிறம் தரும் ஈமோகுளோபினில் ஏ2 எனும் வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பீற்றா தலசீமியாக் காவி என்று கொள்வார்கள். இரும்புக் குறைபாடு இருந்தால் அந்த அளவு இறங்கித் தெரியக்கூடும் என்பதால் இரும்பையும் சேர்த்தே பார்த்தார்கள். தங்கைக்கு 5.1 இருந்தது. மாப்பிள்ளைக்குக் குறையொன்றும் இல்லை.

இந்தப் பிரிவுக்கு நான் முழு மனத்தோடு நன்றி சொல்வது அங்கிருந்த மிஸ் தமிழில் தந்த விளக்கத்துக்காகவே. சிவப்பு நூல் தாய் தந்த 11ஆம் நிறமூர்த்தம், வெள்ளை நூல் தந்தை தந்தது என்று மேசையில் வைத்து, இரண்டையும் நடுவில் வெட்டி மாற்றி முடிந்து காட்டினார். முட்டையும் விந்தும் உருவாகும்போது சோடி நிறமூர்த்தங்கள் இப்படித்தான் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பிறகு ஒரு நூலில் முடிச்சுப் போட்டு, அதுவே பழுதான பரம்பரையலகு என்றார்: பெற்றோர் இருவரிடமும் அந்த முடிச்சு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளை காவியாக இரண்டில் ஒரு வாய்ப்பு, கடும் நோய் வராது.

"இதுக்கு மருந்து இல்லையா, மிஸ்?" என்று மாப்பிள்ளை கேட்டார். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு முறை குருதியேற்றி, உடலில் சேரும் இரும்பை மருந்தால் அகற்றுவதே வழமை என்றார் மிஸ். புதிய வழியொன்றும் இருக்கிறது. கருவிலிருக்கும்போது ஈமோகுளோபினைச் செய்த காமா எனும் பரம்பரையலகுகள் பிறந்த பின்னர் அழிவதில்லை, அடக்கி வைக்கப்படுகின்றன; அடக்குவதில் முதன்மையான பிசிஎல்11ஏ எனும் பரம்பரையலகை, குருதிக் கலங்களை உருவாக்கும் தண்டுக்கலங்களில் தளர்த்திவிட்டால், பழுதான அலகைத் தொடாமலே குருதி ஊறத் தொடங்குகிறது. காஸ்ஜெவி எனும் இச்சிகிச்சையைப் பிரித்தானியா 2023 நவம்பரில் அங்கீகரித்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். நமக்கு எட்டக்கூடியது முன்கூட்டிய பரிசோதனைதான்.

ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டும். முடிவைத் தாழ்வாரத்தில் எல்லோரும் கேட்க வாசித்தார்கள், கையேடும் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. லயத்தில் ஒரு சொல் மறுநாளே பரவிவிடும். காவி என்பது நோயில்லை என்று புரியாத இடத்தில் ஒரு பெண்ணின் சம்பந்தமே முறிந்துவிடக்கூடும். ஆகவே போகிறவர்கள், முடிவை அறைக்குள் சொல்லும்படி முதலிலேயே கேளுங்கள்.

தங்கைக்கு இருப்பதால் எனக்கும் இருக்கலாம். வரும் திங்கட்கிழமை நானும் குருதி கொடுக்கப் போகிறேன்.