"ஆயிரம் டேபிள்" பின்பால் கேபினெட் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன நவம்பரில் 2,600 டாலர் கொடுத்து ஒரு டிஜிட்டல் பின்பால் கேபினெட் வாங்கி ஏமாந்தேன். பின்பால் என்றால் சரிந்த பலகையில் உருளும் எஃகுப் பந்தை, கீழே இருக்கும் ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் அடித்து ஆடும் ஆட்டம். டிஜிட்டல் கேபினெட் என்பது அதே மாதிரிப் பெட்டிக்குள் கணினியும் திரைகளும்; அதில் ஆடும் ஒவ்வொரு பலகையும் ஒரு டேபிள். பணம் திரும்ப வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. போன வாரம் நம் ஆட்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அதே மாதிரி விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். "பசங்களுக்கு கிறிஸ்துமஸ் பரிசா வாங்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குச் சொன்னதையே விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது சிகாகோவின் மேற்குப் புறநகரில். பின்பால் வளர்ந்த ஊர் இது. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் இங்கேதான் இயந்திரம் செய்தன. இன்றைக்கும் ஸ்டெர்ன் நிறுவனம் பக்கத்து எல்க் குரோவ் வில்லேஜில்தான் செய்கிறது. அதனால் அசல் இயந்திரங்களை ஆட இங்கே இடம் உண்டு. மாதம் இரண்டு சனிக்கிழமையாவது என் மகளை அழைத்துப் போவேன். அவளுக்கு 11 வயது. 1997இல் வில்லியம்ஸ் வெளியிட்ட மெடீவல் மேட்னஸ் என்றால் அவளுக்கு உயிர். பந்தை மோதவிட்டுக் கோட்டைப் பாலத்தை இறக்க வேண்டும், கதவை இடிக்க வேண்டும், பிறகு உள்ளே அடித்தால் கோட்டையே ஆட்டம் கண்டு சரியும். இடையிடையே பூதங்கள் பலகைக்குள்ளிருந்து தலையை நீட்டும். அந்த இயந்திரத்தை வீட்டுக்கு வாங்கலாம் என்றால் பத்தாயிரம் டாலருக்குக் குறையாது. அப்போதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

மூன்று திரை, 43 அங்குல ஆட்டப் பலகை, "ஆயிரத்துக்கும் மேல் டேபிள்கள், அசலில் ஆடுவது போலவே இருக்கும்" என்று போட்டிருந்தது. விற்றவர் தன் வீட்டு கராஜில் காட்டினார். ஊதா விளக்குகள், பாட்டு சத்தம் காதைப் பிளந்தது. அவரே இரண்டு பந்து ஆடிக் காட்டினார். நானும் ஒரு பந்து ஆடினேன். அந்த ஒளியிலும் சத்தத்திலும் கை என்ன சொல்கிறது என்று கவனிக்கவே இல்லை. போனிலேயே பணம் அனுப்பிவிட்டு, வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மகள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, நேராக மெடீவல் மேட்னஸைத் திறந்தாள். வலது ஃபிளிப்பரில் பந்தைத் தாங்கிப் பிடித்து, மெல்ல உருளவிட்டு, கோட்டைக்குக் குறிவைத்து அடித்தாள். பந்து இடப்புறம் விலகிப் போனது. மறுபடி அடித்தாள், மறுபடியும் இடப்புறம். நான்காவது தடவை கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நான் அமுக்கினதுக்கு அப்புறம் இது கொஞ்சம் யோசிச்சுட்டுதான் அடிக்குது."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தேன். நொடிக்கு 240 பிரேம். ஒரு பிரேம் என்றால் சுமார் 4 மில்லி விநாடி. விரல் பட்டனை அமுக்கிய பிரேமிலிருந்து திரையில் ஃபிளிப்பர் அசையத் தொடங்கும் பிரேம் வரை ஒவ்வொன்றாக எண்ணினேன். 27 பிரேம்! அதாவது 110 மில்லி விநாடிக்கு மேல். அதே மென்பொருளை என் பழைய மேசைக் கணினியில் போட்டு, சாதாரண கேமிங் மானிட்டரில் எடுத்துப் பார்த்தேன். 9 பிரேம்தான், 40 மில்லி விநாடிகூட இல்லை.

70 மில்லி விநாடி வித்தியாசம் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் பின்பால் ஆடியிருக்க மாட்டார்கள். ஃபிளிப்பரின் நீளமே 3 அங்குலம். அதன் மேல் உருளும் பந்து அந்த நேரத்துக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நுனியை நெருங்கிய பிறகு அடி விழுந்தால் பந்து குறுக்கே இழுத்துக்கொண்டு போகும். என் மகளின் பந்து இடப்புறம் விலகியதற்குக் காரணம் அதுதான். அசல் இயந்திரத்தில் பட்டனை அமுக்கியதும் காயிலுக்கு (மின்காந்தச் சுருளுக்கு) மின்சாரம் பாயும், ஃபிளிப்பர் அந்த நொடியே துள்ளும். நடுவில் கைக்குத் தெரிகிற காத்திருப்பு எதுவும் இல்லை. டிஜிட்டலில் பட்டன், கணினி, திரை என்று மூன்று இடத்தில் தாமதம் சேரும். எனக்கு வாய்த்த பலகையில் இருந்தது ஒரு மலிவு விலை டிவி. தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட்கூடப் போட்டு வைக்கவில்லை. போட்ட பிறகும் 18 பிரேமுக்குக் கீழே இறங்கவில்லை.

பந்தை ஏவ இழுத்துவிடும் பிளஞ்சர் இன்னொரு ஏமாற்று. பார்க்க அசல் போலவே ஸ்பிரிங், கம்பி எல்லாம் இருந்தது. ஆனால் உள்ளே கடைசியில் ஒரு சுவிட்ச் மட்டும். பாதி இழுத்தாலும் முழுதாக இழுத்தாலும் பந்து ஒரே வேகத்தில்தான் போகும். கேபினெட்டைப் பக்கவாட்டில் தட்டினால் பந்து அசைய வேண்டும், பலமாகத் தட்டினால் டில்ட் ஆகி அந்தப் பந்து பறிபோக வேண்டும். அதற்கான சென்சாரே உள்ளே இல்லை. விளம்பரத்தில் இருந்தது.

அப்புறம் அந்த ஆயிரம் டேபிள். என் மனசு ஆறாத இடம் இதுதான்.

ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்த்தேன். இருந்தது விஷுவல் பின்பால் என்ற மென்பொருள். 2000ஆம் ஆண்டில் ராண்டி டேவிஸ் என்பவர் தொடங்கியது. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதற்கு டேபிள் செய்பவர்கள் எல்லாம் ஆர்வலர்கள். பழைய இயந்திரத்தின் பலகையை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு ரப்பரும் ஆணியும் எங்கே இருக்கிறது என்று அளந்து, ரேம்பின் வளைவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து, மாதக்கணக்கில் உழைத்து இலவசமாகத் தருகிறார்கள். நான் திறந்த மெடீவல் மேட்னஸ் கோப்பின் குறிப்பிலேயே செய்தவர் தெளிவாக எழுதியிருக்கிறார்: இது இலவசம், விற்கக்கூடாது, விற்பனைக்கான கேபினெட்டில் போடக்கூடாது. அந்தக் குறிப்போடு சேர்த்துத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள். ஒரு மனிதர் தன் ராத்திரிகளைக் கொடுத்துச் செய்ததை இன்னொருவர் நகல் எடுத்து 2,600 டாலருக்குத் தள்ளியிருக்கிறார். நான் இழந்த பணத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எண்ணிக்கையாவது சரியா? கோப்புகள் 1,064 இருந்தன. ஒரே டேபிளின் பழைய பதிப்பு, புதிய பதிப்பு, ராத்திரி வெளிச்சப் பதிப்பு என்று மூன்று நான்கு தடவை. ROM (அசல் இயந்திரத்தின் சிப்பில் இருந்த நிரல்) இல்லாமல் திறக்காதவை 190க்கு மேல். நாங்கள் ஒழுங்காக ஆட முடிந்தது 140 சொச்சம். காசு கொடுத்து வாங்க வேண்டிய வேறொரு விளையாட்டின் திருட்டுப் பிரதியும் உள்ளே கிடந்தது.

விற்றவருக்கு போன் செய்தேன். "டிஜிட்டல் பின்பால் என்றால் எல்லாமே இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள்" என்றார். அடுத்த நாள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பேங்கில் கேட்டதற்கு, நானே அனுப்பிய பணம் என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

"எல்லாமே இப்படித்தான்" என்பது அப்பட்டமான பொய். புதிதாக வருகிறவர்கள் அதை நம்பி இந்த ஆட்டத்தையே வெறுத்துவிடக்கூடாது. அதனால் குளிர்காலம் முழுக்க நானும் மகளும் ஒவ்வொரு மென்பொருளாக ஆடிப் பார்த்தோம். அசலா இல்லையா என்று பார்க்க எங்களுக்கு மூன்று சோதனை போதும். பந்து வரும்போது ஃபிளிப்பரைத் தூக்காமல் சும்மா விட்டால் அது துள்ளி அடுத்த ஃபிளிப்பருக்குப் போகிறதா? வேகமாக வரும் பந்தைச் சரியான கணத்தில் ஃபிளிப்பரைத் தூக்கி அப்படியே சாகடித்து நிறுத்த முடிகிறதா? ஃபிளிப்பரின் அடியில், நடுவில், நுனியில் அடித்தால் பந்து வேறு வேறு பக்கம் போகிறதா? அசல் பந்து 27 மில்லிமீட்டர் அகலமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகு உருண்டை. ஆறரை டிகிரி சரிவில் உருள்கிறது. அந்த கனம் திரையில் தெரிய வேண்டும்.

தெரிவது விஷுவல் பின்பாலில்தான். சமீபத்தில் நன்றாகச் செய்யப்பட்ட டேபிள்களில் மூன்று சோதனையும் தேறுகிறது. சாகடித்து நிறுத்தும் அந்தப் பிடி முதல் தடவை எனக்குக் கைகூடியபோது, சனிக்கிழமை இயந்திரத்தின் முன்னால் நிற்பது போலவே இருந்தது. ஆனால் நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும். தொண்ணூறுகளின் இயந்திரங்களுக்கு ROMஐ இயக்கும் வி-பின்மேம் தனியாக, ROM தனியாக, பின்பலகைப் படம் தனியாக. எனக்கு ஒரு வாரம் மாலை நேரம் முழுக்கப் போனது. டேபிளுக்கு டேபிள் தரமும் மாறும்.

தொந்தரவே வேண்டாம், இன்றைக்கே ஆட வேண்டும் என்றால் பின்பால் எஃப்எக்ஸ். புடாபெஸ்டில் இருக்கும் ஜென் ஸ்டுடியோஸ் செய்வது. பத்து நிமிடத்தில் இறக்கி ஆடலாம். அவர்கள் சொந்தமாகக் கற்பனை செய்த டேபிள்களில் பந்து லேசாக மிதப்பது போல இருக்கும், எனக்கு அது ஒட்டவில்லை. 2018 முதல் வில்லியம்ஸ் டேபிள்களும் அவர்களிடம் வந்துவிட்டன, மெடீவல் மேட்னஸ் உட்பட. அவற்றில் பந்தின் கனம் பரவாயில்லை. என் மகளுக்கு இதுதான் பிடித்திருக்கிறது, காத்திருக்காமல் ஆட முடிகிறது என்கிறாள். ஒரு எச்சரிக்கை: முந்தைய பதிப்பான எஃப்எக்ஸ்3இல் வாங்கிய டேபிள்கள் புதிய பின்பால் எஃப்எக்ஸுக்குத் தானாக வராது, மறுபடி காசு கொடுக்க வேண்டும். எதில் வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபியூச்சர் பின்பாலும் இலவசம்தான். ஆனால் கூடுதல் இணைப்பு எதுவும் போடாமல் ஆடினால் பந்து பிளாஸ்டிக் போல உருள்கிறது. முதன்முதலில் தொடங்குபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தி பின்பால் ஆர்கேட் என்ற இன்னொரு மென்பொருள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் ஒரு மோசடி நடக்கிறது. ட்விலைட் ஜோன் டேபிளின் உரிமைக்காக 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் பணம் திரட்டிச் செய்தார்கள், அந்த அளவுக்கு அன்பாக வளர்ந்தது அது. 2018 ஜூன் 30ஆம் தேதியோடு வில்லியம்ஸ், பாலி உரிமம் முடிந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் ஆடலாம், புதிதாக வாங்க முடியாது. அதனால் "எல்லா டேபிளும் உள்ள அக்கவுண்ட்" என்று சிலர் விற்கிறார்கள். பழைய சொந்தக்காரர் பாஸ்வேர்டை மீட்டுக்கொண்ட அன்றைக்கு உங்கள் பணம் போய்விடும். தொடாதீர்கள்.

கேபினெட்தான் வேண்டும் என்றால், பார்க்கப் போகும்போது முதலில் சத்தத்தை அணைக்கச் சொல்லுங்கள். சத்தம் இருந்தால் தாமதம் தெரியாது. உங்கள் போனில் ஸ்லோ மோஷனில் பட்டனையும் ஃபிளிப்பரையும் சேர்த்து எடுங்கள், அங்கேயே நின்று பிரேமை எண்ணுங்கள். 12க்கு மேல் போனால் நான் வாங்க மாட்டேன். பிளஞ்சரைக் கால்வாசி, பாதி, முழுசு என்று மூன்று விதமாக இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் உள்ளங்கையால் தட்டுங்கள். திரையின் மாடல் எண்ணைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். "ஆயிரம் டேபிள்" என்று விலையோடு சேர்த்துச் சொன்னால் அது அடுத்தவர் உழைப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். நேர்மையாகச் செய்பவர்கள் பெட்டியையும் கணினியையும் மட்டும் விற்பார்கள், டேபிளை நீங்களே இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் கொடுங்கள்.

எங்கள் பெட்டியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. மார்ச்சில் டிவியைக் கழற்றிவிட்டு, பழைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை மரச்சட்டம் அடித்துப் பொருத்தினேன். திரை சிறியதாகிவிட்டது, இரண்டு பக்கமும் இடைவெளி தெரிகிறது. ஹார்ட் டிஸ்கை முழுதாக அழித்துவிட்டு, பிடித்த 12 டேபிள்களை மட்டும் செய்தவர்களின் பக்கத்திலிருந்தே இறக்கினேன். மெடீவல் மேட்னஸ் செய்தவருக்கு நடந்ததைச் சொல்லி நன்றியும் எழுதினேன். இப்போது 10 பிரேம். வலது ஃபிளிப்பரிலிருந்து மகள் அடித்த முதல் பந்தே கோட்டைக் கதவில் போய் இடித்தது.

அந்த விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. இப்போது விலை 2,900. பெட்டியின் ஓரத்தில் புதுப் படம் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே ஊதா விளக்கு, பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் அதே சிவப்புச் சைக்கிள். உங்கள் குழுவில் யாராவது அதை அனுப்பினால் எனக்குச் சொல்லுங்கள், நான் எடுத்த 27 பிரேம் வீடியோவை அவர்களுக்கு அனுப்புகிறேன்.