பதினொன்றாம் வகுப்பிலேயே கேட்டரிங்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைத் தொழிற்கல்விப் பிரிவில், அதிலும் உணவக மேலாண்மையில் சேர்க்கப் போகிறோம் என்றால், "சமையல் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போக வேண்டுமா?" என்றுதான் உறவினர்கள் முதலில் கேட்பார்கள். என் மகள் கும்பகோணம் வட்டாரத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் இந்தப் பிரிவில் படித்து, பிளஸ் டூவை முடித்திருக்கிறாள். அதே கேள்வியோடு யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால், அருகிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன். இது படிப்பைப் பற்றிய மதிப்பீடு என்பதால் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை.

ஹோட்டல் நிர்வாகம் என்பது உணவு தயாரிப்பு, பரிமாறுதல், வரவேற்புப் பிரிவு, ஹவுஸ் கீப்பிங் எனப்படும் அறைப் பராமரிப்பு என்ற நான்கு தூண்களின் மேல் நிற்பது. பள்ளி அளவில் நான்கையும் தொட்டுக் காட்டினாலும், உண்மையான பலன் சமையற்கூடத்திலும் அதையொட்டிய சரக்கறையிலும்தான் கிடைக்கிறது. வீட்டில் நன்றாகச் சமைப்பவர்கள் டெல்டா மாவட்டங்களில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஐம்பது பேருக்கு ஒரே ருசியில், ஒரே செலவில், யாருக்கும் வயிறு கெடாமல், நாள்தோறும் சமைத்துப் போடுவது தனித் தொழில். அந்தத் தொழிலுக்கான அடித்தளத்தை இந்தப் படிப்பு போட்டுக் கொடுக்கிறது என்பதே என் முடிவு.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சந்தையில் கிலோ 60 ரூபாய்க்கு வாங்கிய சின்ன வெங்காயத்தை உரித்து நிறுத்துப் பார்த்த மகள், 850 கிராம்தான் தேறியது என்று குறித்துக்கொண்டாள். அப்படியானால் சமையலுக்குப் பயன்படும் வெங்காயத்தின் விலை கிலோ 70 ரூபாய்க்கும் மேல். இப்படிக் கழிவு போக ஒவ்வொரு பொருளுக்கும் உண்மையான விலையைக் கண்டு, ஒரு தட்டுக்கு ஆகும் பொருள் செலவு அதன் விற்பனை விலையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் உணவகக் கணக்கின் முதல் பாடம். நல்ல கைமணம் இருந்தும் மெஸ் நடத்தி நொடித்துப்போனவர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர ஆள் இருந்ததில்லை.

அளவைப் பெருக்கும் பாடமும் அப்படித்தான். ஒவ்வொரு பண்டத்துக்கும் பொருள், எடை, நேரம், எத்தனை பேருக்கு என்பதையெல்லாம் எழுதிய ஓர் அட்டையை மாணவர்கள் தயாரிக்கிறார்கள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பாவை ஐந்து பேருக்கு எழுதி, அதை ஐம்பது பேருக்கு மாற்றும் பயிற்சியை மகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தாள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் பத்து மடங்காகப் போகலாம். தண்ணீர் அப்படிப் போகாது, ஏனென்றால் பெரிய அண்டாவில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் ஆவியாகும் பரப்பு குறைவு. உப்பையும் காரத்தையும் குறைத்துப் போட்டு, ருசி பார்த்துக் கூட்ட வேண்டும். கல்யாணச் சமையல் மாஸ்டர்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிவார்கள். பதினாறு வயதுப் பிள்ளை அதைக் காரணத்தோடு சொல்லும்போது கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

சுகாதாரப் பாடத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், சூடான பண்டம் அதற்கு மேலேயும் குளிர்ந்த பண்டம் அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். முதலில் வந்த சரக்கு முதலில் செலவாக வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் காய்கறியை வெட்டக் கூடாது. சோறு நம் ஊரின் உயிர் என்பதால் அதைப் பற்றிய பாடம் எனக்கு முக்கியமாகப் பட்டது: பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வேகும்போது சாகாமல் தப்பிவிடக்கூடும், வடித்த சோற்றை வெளியில் மணிக்கணக்கில் விட்டால் அவை முளைத்து நச்சைச் சுரக்கும், பிறகு சுடவைத்தாலும் வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு அழியாது. இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதிய காகித டேப் ஒட்டப்பட்டிருக்கிறது.

இனிக் குறைகள். செய்முறைக் கூடம் பாடத்திட்டத்துக்கு ஈடுகொடுப்பதாக இல்லை. ஓவன் பெரும்பாலும் பழுதாகவே கிடந்ததால் பேக்கரிப் பாடம் ஏட்டோடு நின்றுவிட்டது; அடுப்புகள் போதாமல் குழுவில் இருவர் சமைக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வரவேற்புப் பிரிவு, அறை முன்பதிவு ஆகியவை கரும்பலகையிலேயே முடிந்தன. ஹவுஸ் கீப்பிங்கில் படுக்கை விரிக்கும் முறையை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள். இவற்றைப் பள்ளிக்கு வெளியே, ஒரு ஹோட்டலில் தரும் பயிற்சியால் ஈடுசெய்திருக்கலாம். அந்தப் பயிற்சியும் பார்வையிடுவதைத் தாண்டவில்லை. ஆசிரியரின் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, மளிகைப் பொருள்களில் சிலவற்றைத் தம் கைக்காசில் வாங்கி வந்தவர் அவர்.

மற்றொரு மனக்குறையும் உண்டு. வெண்ணெயையும் மைதாவையும் சம எடையில் வறுத்துப் பால் ஊற்றிச் செய்யும் பெஷமெல் சாஸ், காய்கறியை மெல்லிய குச்சிகளாக நறுக்கும் ஜூலியன் வெட்டு ஆகியவற்றுக்குத் தந்த இடத்தை இந்த மண்ணின் சமையலுக்கும் தந்திருக்க வேண்டும். பெரிய ஹோட்டல்களில் வேலைக்குப் போக அந்த அடிப்படைகள் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தஞ்சைப் பெரிய கோயில் 1987 முதலும், தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004 முதலும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. நவக்கிரகத் தலங்களுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஆண்டு முழுவதும் ஆள் வந்துகொண்டிருக்கிறது. 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. வருபவர்கள் தேடுவது டிகிரி காபியையும் திருவையாற்று அசோகாவையும்தான். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறி, நெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும் பதத்தில் இறக்கும் அந்த ஒரு பண்டத்தை வைத்தே வெப்பக் கட்டுப்பாட்டை முழுமையாகச் சொல்லித்தர முடியும்.

மேற்படிப்புக்கு வழி இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் நிறுவனம் தவிர, நமக்குப் பக்கத்திலேயே திருச்சி துவாக்குடியில் மாநில உணவக மேலாண்மை நிறுவனம் இயங்குகிறது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை இது என்பதையும், ஊரெல்லாம் விடுமுறை கொண்டாடும் பண்டிகை நாள்களில்தான் இதில் வேலை அதிகம் என்பதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ருசியில் நாட்டமும் கணக்கில் பயமின்மையும் உள்ள பிள்ளையென்றால் தயங்காமல் சேர்க்கலாம். சேர்க்கைக்கு முன் செய்முறை வகுப்பு நடக்கும் நாளில் பள்ளிக்கு நேரில் போய், ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர்கள், ஓவன் ஓடுகிறதா, மளிகைச் செலவு யாருடையது, பயிற்சிக்கு எந்த ஹோட்டலுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் வராத பள்ளியில், பாடத்திட்டம் அதுவேயானாலும், நான் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.