ஊட்டி குளிர்ல கல்லா போன கிளட்ச் - பிங்கர்போஸ்ட் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் அனுபவம்

வண்டிய காட்டணும்னு கேட்டதுக்கு "காலைல ஆறு மணிக்கு வாங்க"ன்னு சொன்ன ஒரே மெக்கானிக் இவருதான், அதுக்காகவே இந்த ரிவ்யூ.

கோயமுத்தூர்ல இருந்து மாத்தலாகி ஊட்டி வந்து எனக்கு இது ரெண்டாவது குளிர்காலம். வண்டி பத்து வருஷ பழைய டீசல், 92 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருச்சு, ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிள் இல்லாம ஆயில் அழுத்தத்துல வேலை செய்யறது). போன வருஷமே லேசா ஒரு டவுட் இருந்துச்சு, கண்டுக்கல. இந்த தடவ நீர்ப்பனி முடிஞ்சு உறைபனி விழ ஆரம்பிச்சதும் ஆட்டம் காட்டிருச்சு. காலைல பழைய ஏடிஎம் கார்டு வச்சு கண்ணாடி மேல இருக்கற ஐஸ சுரண்டிட்டு உள்ள ஏறி கிளட்ச மிதிச்சா ஈரமண் மூட்டைய மிதிக்கற மாதிரி இருக்கும். மிதிக்கறது கூட பரவால்லங்க, கால எடுத்தா பெடல் கால் கூடவே வராது, கொஞ்சம் யோசிச்சுட்டு அப்புறமா மெதுவா மேல வரும், ஒரு நாள் பாதியிலயே நின்னுருச்சு, ஷூ நுனியால தூக்கி விட்டேன். ஃபர்ஸ்ட் கியரும் டைட்டு. ஆனா ஒரு 20 நிமிஷம் ஓட்டிட்டா எல்லாம் சரியாயிரும், லவ்டேல் தாண்டறதுக்குள்ள ஒண்ணுமே நடக்காத மாதிரி வெண்ணெயா வேலை செய்யும்.

இதுல தான் சிக்கலே. ஒரு கல்யாணத்துக்கு கீழ கோயமுத்தூர் போனப்போ பெரிய சர்வீஸ் சென்டர் ஒண்ணுல விட்டேன் (பேரு வேண்டாம், ஏசி ரூம், காபி மெஷின் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு). பதினோரு மணி வெயில்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு "நார்மலா தான் சார் இருக்கு"ன்னாங்க. நார்மலா இல்லாம வேற எப்படி இருக்கும், வண்டி மலையே இறங்கி வந்து சூடா நிக்குது. நான் விடாம சொன்னதும், சரி 92 ஆயிரம் ஆச்சுல்ல, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மொத்த செட்டையும் மாத்திரலாம்னு 14,500க்கு எஸ்டிமேட் நீட்டுனாங்க. பிளேட் தேஞ்சா ஏத்தத்துல எஞ்சின் கத்தும் வண்டி இழுக்காது, எனக்கு அந்த பிரச்சனையே இல்லையேன்னு கேட்டேன், பதில் வரல. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லி தான் இந்த கடை. போர்டு கிடையாது, தகர ஷீட் போட்ட ஷெட்டு, வாசல்ல ஒரு பழைய ஜீப் எப்பவும் பானெட்ட தொறந்து வச்சுட்டே நிக்கும், அதான் அடையாளம். அண்ணனுக்கு ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். நான் மத்தியானம் போய் விவரம் சொன்னதும் வண்டிய தொடவே இல்ல. "தம்பி, இத இப்ப கொண்டாந்தா நான் என்னத்த பாக்கறது? ராத்திரி வண்டி இங்கயே வெளிய நிக்கட்டும், காலைல ஆறு மணிக்கு வாங்க, நான் இருப்பேன்"னார். சத்தியமா இருந்தார், மங்கி கேப்பு, ரெண்டு ஸ்வெட்டர், கைல டார்ச்சு.

எஞ்சினே ஸ்டார்ட் பண்ண விடல. கால் வைக்கற இடத்துல தலைய விட்டு படுத்துட்டு பெடல கையால அமுக்கிப் பாத்தார். அப்புறம் ஒரு கிளிப்ப கழட்டி பெடலுக்கும் மேல் சிலிண்டருக்கும் (பெடல மிதிச்சா ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டர்) நடுவுல இருக்கற ராடு இணைப்ப எடுத்து விட்டுட்டு வெறும் பெடல மட்டும் ஆட்டச் சொன்னார். பெடலோட எதுவுமே இணைஞ்சு இல்ல, ஆனாலும் பெடல் இறுக்கமா தான் வந்துச்சு! "பாருங்க, பாதி வியாதி இங்கயே இருக்கு"ன்னு பெடல் ஆடற அச்சு பின்னை உருவிக் காமிச்சார், அதுல பழைய கிரீஸ் காஞ்சு போன மெழுகு மாதிரி ஒட்டிட்டு இருந்துச்சு, நகத்தால சுரண்டுனா செதில் செதிலா வருது. குளிர்ல அது இன்னும் கெட்டியாயிரும், வண்டிக்குள்ள ஹீட்டர் ஓடி சூடானா இளகிரும், அதான் 20 நிமிஷ கணக்கு. 14,500 எஸ்டிமேட் போட்ட இடத்துல ஒருத்தரும் இங்க எட்டிக்கூட பாக்கல.

மீதி பாதி ஆயில். டப்பா மூடிய தொறந்து சிரிஞ்சுல கொஞ்சம் உறிஞ்சு ஒரு டீ கிளாஸ்ல விட்டார், அப்படியே டிக்காஷன். பக்கத்துல புது டாட் 4 (பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஊத்தற ஆயில் வகை) ஊத்துனார், நல்லெண்ணெய விட வெளிறின மஞ்சள். நான் உடனே, குளிர்ல ஆயில் கெட்டியாயிருச்சான்னு கேட்டேன், சிரிச்சுட்டார். எல்லா ஆயிலும் குளிர்ல கொஞ்சம் கெட்டியாகும் தான், ஆனா டாட் 4 ஆயிலுக்கு மைனஸ் 40 டிகிரில எவ்ளோ வரைக்கும் கெட்டியாகலாம்னே ஸ்டாண்டர்டு வச்சிருக்காங்க, நம்ம ஊட்டி ரெண்டு மூணு டிகிரி எல்லாம் அதுக்கு ஒரு குளிரே இல்லையாம். புது ஆயிலா இருந்தா நமக்கு வித்தியாசமே தெரியாதுன்னார். ஆனா இந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற சாமான், வருஷம் போகப் போக தண்ணி சேரும், உள்ள சிலிண்டர் சுவரு அரிச்சு அந்த அழுக்கும் கலக்கும். ரப்பர் சீலும் வயசாகி விரைச்சுப் போயிருக்கும், குளிர்ல இன்னும் விரைப்பாகி சுருங்கும், அப்ப பிஸ்டன் ஈசியா திரும்பி வராது. என் வண்டில ராடு பக்கம் லேசா ஈரக்கசிவே இருந்துச்சு, டார்ச்சு அடிச்சு விரல்ல தொட்டுக் காமிச்சார்.

எனக்கு நெஜமா பயம் வந்தது அடுத்து சொன்னதுல தான். என் வண்டில கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. புது டாட் 4 கொதிக்க குறைஞ்சது 230 டிகிரி வேணும், தண்ணி சேந்துட்டா அது 155 பக்கம் எறங்கிரும், எறக்கத்துல பிரேக் சூடாகி ஆயில் கொதிச்சா குமிழ் வந்து பிரேக்கே புடிக்காம போயிரும். நான் மாசம் ரெண்டு தடவ கல்லட்டி வழியா மசினகுடி எறங்கற ஆளு, 36 கொண்டை ஊசி வளைவு, அந்த டிக்காஷன நம்பி எறங்கிருக்கேன்.

மேல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் கிடைக்கல, முழு சிலிண்டராவே கோயமுத்தூர்ல இருந்து வரவழைக்கணும்னார். நாளைக்கு வந்துரும்னு சொன்னது மூணாவது நாள் தான் வந்துச்சு, போன் பண்ணா எடுக்க மாட்டார். இது எனக்கு புடிக்கல. பஸ்ல ஆபீஸ் போனேன்.

பிளீட் பண்றப்போ (பழைய ஆயிலயும் காத்தயும் வெளிய தள்றது) ஹெல்ப்பர் பையன் வரலன்னு என்னையே சீட்ல உக்கார வச்சுட்டார். கீழ சிலிண்டர் நிப்பிள்ல உள்ள ஓடறது தெரியற மாதிரி ஒரு டியூப், அதோட மறுமுனை ஒரு காலி தண்ணி பாட்டில்ல, பத்தாம் நம்பர் ஸ்பேனர். "அமுக்குங்க... புடிங்க... விடுங்க"ன்னு கீழ இருந்து குரல் மட்டும் வரும். மொதல்ல கருப்பா, அப்புறம் குமிழ் குமிழா, ஒரு நாப்பது தடவைக்கு மேல தான் சுத்தமா மஞ்சளா வந்துச்சு. பிரேக் நாலு வீலுக்கும் இதே மாதிரி, என் இடது கால் வலது கால் ரெண்டும் போச்சு. நடுவுல கொஞ்சம் ஆயில் ஃபெண்டர்ல சிந்திருச்சு, அது பெயிண்ட அரிச்சுரும்னு உடனே ஓடிப்போய் தண்ணி ஊத்திக் கழுவுனார், இதுக்கே தனியா ஒரு மார்க்.

செலவு: சிலிண்டர் 2,350, அரை லிட்டர் ஆயில் 380, கூலி 900, ஆக 3,630. பில்லு கிடையாது, சிகரெட் அட்டைல எழுதிக் குடுத்தார். ஜிபே மகன் நம்பருக்கு.

இப்ப ஆறு வாரம் ஆச்சு. பெடல் காலைலயும் கால் கூடவே வருது. அதுக்குன்னு பூவா எல்லாம் மாறல, நல்ல உறைபனி அன்னிக்கு மொத ரெண்டு மிதி கொஞ்சம் கனமா தான் இருக்கு. ஃபர்ஸ்ட் கியர் டைட்டு அப்படியே தான், அது கிளட்சு இல்ல, கியர் ஆயில் குளிர்ல கெட்டியாகறது, ரெண்டு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க போதும், சும்மா காசு செலவு பண்ணாதீங்கன்னுட்டார். கிளட்ச மிதிச்சுட்டே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், அப்ப கியர்பாக்ஸ்ல இருக்கற கெட்டி ஆயிலயும் சேத்து ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்த வேண்டியதில்ல, குளிர்ல பேட்டரிக்கு அது பெரிய உபகாரம்.

பக்கத்து வீட்டு சார் மாருதி 800 வச்சிருக்கார், அது கேபிள் கிளட்ச், ஆயிலே கிடையாது. அவருக்கும் காலைல ஹார்டு தான். அங்க கேபிள் உறைக்குள்ள ஈரமும் காஞ்ச கிரீஸும் தான் காரணம்னு அண்ணன் வண்டிய பாக்காமலே சொன்னார், கேபிள் மாத்துனதும் சரியாச்சு. உங்க வண்டி கேபிளா ஹைட்ராலிக்கான்னு மொதல்ல தெரிஞ்சுக்கிட்டு போங்க.

அஞ்சுக்கு நாலு. ஒரு ஸ்டார் போன் எடுக்காததுக்கும் டிரைவர் சீட்ல கிரீஸ் கை அச்சு விட்டதுக்கும் சேத்து கட். ராத்திரி வண்டிய விடறப்போ ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல விட்டு கல்லு வைங்க, அதையும் அவரே சொல்லுவார். காலைல போறப்போ ஃப்ளாஸ்க்குல டீ எடுத்துட்டுப் போயிருங்க, அந்த நேரத்துக்கு அந்த ரோட்டுல ஒரு கடையும் தொறந்திருக்காது, அவருக்கும் சேத்து எடுத்துக்கங்க, சக்கர கம்மியா.