எஸ்ட்ரியால் கிரீம்: இரண்டு ட்யூப் தீர்ந்த பிறகு

எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று நாலு வருஷம் ஆகிறது. இரவு வியர்வையும் திடீர்ச் சூடும் வந்து போய்விட்டன. அவற்றைப் பற்றி ஆபீசில் சிரித்துக்கூடப் பேசியிருக்கிறோம். யாரிடமும் வாய் திறக்க முடியாதது கீழே இருந்த வறட்சிதான். உறவு என்றால் பிளேடால் கீறுகிற மாதிரி வலி, அப்புறம் இரண்டு நாள் சிறுநீர் போகும்போது எரிச்சல். ஒன்பது மணிக்கே தலைவலி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டேன். ஒருநாள் வீட்டுக்காரர், "என் மேல ஏதும் கோபமா?" என்று கேட்டார். அந்த வாரமே டாக்டரிடம் போனேன்.

அதற்கு முன்பே கொஞ்சம் காசைத் தொலைத்திருந்தேன். வாசனை போட்ட வாஷ் இரண்டு பாட்டில் வாங்கினேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் படுக்கை விரிப்பில் கறை போகவே இல்லை. (ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள், ரப்பர் கிழிந்துவிடும்.) தண்ணீர் ஜெல் நல்ல பொருள். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குத்தான். மறுநாள் உட்கார்ந்தால் அதே காந்தல்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இடையில் ரத்தம் பட்டதா, புற்றுநோய் ஏதும் வந்ததா என்று துருவிக் கேட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் உள்தோல் மெலிந்துபோகும், அங்கே இயல்பாக இருக்கும் அமிலத்தன்மையும் குறையும், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவதும் அதனால்தான் என்றார். "காரை பெயர்ந்த சுவருக்கு வெள்ளையடிச்சு என்னம்மா பண்றது? ஜெல் வழுக்கும், தோலை வளர்க்காது." எஸ்ட்ரியால் 0.1 சதவீதக் கிரீம் எழுதிக் கொடுத்தார்; எஸ்ட்ரியாலும் ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்தான்.

மெடிக்கலில் சீட்டை வாங்கிய தம்பி உள்ளே பார்த்து, "அண்ணே, லேடீஸ் உள்ள வைக்கிற கிரீம் ஒண்ணு!" என்று குரல் கொடுத்தான். கவுன்டரில் ஐந்து பேர். நான் இருமல் மருந்து அட்டையை அத்தனை கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

15 கிராம் ட்யூப். ஒரு தடவைக்கு அரை கிராம். முதல் மூன்று வாரம் தினமும் இரவு, அப்புறம் வாரம் இரண்டு நாள். கணக்குப் போட்டால் முதல் ட்யூப் ஏழு வாரத்துக்குச் சற்று மேல் வரும், அடுத்தது பதினைந்து வாரம். எனக்கு அவ்வளவு வரவில்லை, ஏனென்றால் கிரீமை அளந்து உள்ளே செலுத்துகிற குழாயான அந்த அப்ளிகேட்டர். அளவுக்கோடு மங்கலாக இருக்கிறது, கண்ணாடி போடாமல் தெரியாது. தண்டு பாதியில் சிக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்; மாமியாரும் புழங்குகிற குளியலறையில் அதை எங்கே காயவைப்பது? பீரோவில் பட்டுப்புடவைக்குப் பின்னால், கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். காலையில் கொஞ்சம் வெளியே வரும், மெல்லிய பேன்டி லைனர் போதும்.

உள்ளே இருக்கும் தாளைப் படித்துவிட்டு இரண்டு நாள் போடவே இல்லை. புற்றுநோய், பக்கவாதம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். "2002இல் வந்த அமெரிக்க ஆய்விலிருந்து எல்லாருக்கும் இந்தப் பயம். அது ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவங்களை வச்சு செஞ்சது. இது ரத்தத்தில் கலப்பது ரொம்பக் கொஞ்சம்" என்றார். ரத்தம் பட்டால் மட்டும் உடனே வரச் சொன்னார்.

முதல் வாரம் லேசாக எரிந்தது, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்றாம் வாரம் சிறுநீர் எரிச்சல் நின்றதைக் கவனித்தேன். உறவில் வித்தியாசம் தெரிய இரண்டு மாதம் பிடித்தது. கிரீம் போட்ட இரவு வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். மற்ற நாட்களில் இன்றும் ஜெல் உண்டு, ஆனால் வலிக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்வது போய்விட்டது.

நடுவே மகள் பிரசவத்துக்கு ஆறு வாரம் அவள் வீட்டில். ஒரே அறையில் நான்கு பேர், கிரீமை எடுக்கவே இல்லை. திரும்பி வருவதற்குள் காந்தல் திரும்பியிருந்தது. நிறுத்தினால் பழையபடி வரும் என்று டாக்டர் சொன்னதை அப்போதுதான் நம்பினேன்.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்கும் இதே பாடு, எட்டு வருஷமாக. உடனே பெயரை எழுதிக் கேட்டாள். அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறாள். ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதற்கென்றே கொடுக்கிற மாத்திரை அது. என் ட்யூபைத் தொடாதே என்று சொல்லி அவளுடைய புற்றுநோய் டாக்டரிடமே கூட்டிப்போனேன். ஹார்மோன் இல்லாத ஹயலுரானிக் ஜெல் எழுதினார்கள். மெடிக்கலுக்கு அவள் வரமாட்டேன் என்றாள். நானே போய் வாங்கினேன், அதே தம்பிதான் இருந்தான்.