உடைந்த போன்: சர்வீஸ் சென்டரா, ரிச்சி தெருக் கடையா?

போன் உடைந்ததும் எல்லோரும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் குடும்பப் படங்கள், வங்கிச் செயலிகள், வாட்ஸ்அப் எல்லாம் யார் கைக்குப் போகின்றன என்பதையும் தயவுசெய்து யோசியுங்கள்.

செலவு: கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கூடுதல். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பேரம் பேசலாம்.

நேரம்: அங்கே பாகம் கைவசம் இல்லையென்றால் நாள்கணக்கு. இங்கே டிஸ்பிளே மாற்றுவது பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை.

எத்தனை நாள் உழைக்கும்: அங்கே ஒரிஜினல் பாகம், வாரண்டி. இங்கே பல தரங்கள் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

தகவல்: சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் பேக்கப் எடுத்து ரீசெட் செய்துவிட்டு வரச் சொல்வார்கள், போனின் மெயின் போர்டையே மாற்றினால் பழைய தகவல் திரும்பாது. கடையில் பொதுவாக எதையும் அழிக்க மாட்டார்கள், ஆனால் டெஸ்ட் செய்ய போனைத் திறக்கும் பின் நம்பர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், கூடவே உட்கார்ந்து நீங்களே திறந்து காட்டுங்கள். சாம்சங்கின் பல போன்களில் 2022 முதல் மெயின்டெனன்ஸ் மோட், கூகுளின் பிக்சலில் 2023 டிசம்பர் முதல் ரிப்பேர் மோட் இருக்கிறது. போட்டுவிட்டால் போன் இயங்கும், உங்கள் படங்களும் செயலிகளும் கண்ணில் படாது. எங்கே கொடுத்தாலும் சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

வாரண்டி மிச்சம் இருந்து, பேக்கப்பும் இருந்தால் சர்வீஸ் சென்டர்தான். பழைய போன், டிஸ்பிளே மட்டும் போயிருக்கிறது என்றால் கண்ணெதிரே வேலை செய்யும் கடை போதும். போன் உயிரே இல்லாமல் கிடக்கிறது, பேக்கப்பும் இல்லை, படங்கள் வேண்டும் என்றால் போர்டில் சிப் லெவல் வேலை, அதாவது போர்டை மாற்றாமல் அதிலுள்ள சிப்களையே சரிசெய்யத் தெரிந்த கடைக்காரரைத் தேடிப் போங்கள்.