ஓரக்காரனா, காவல்காரனா?

பெரம்பூரில் கோடை ஹாக்கி முகாமை மூன்று நாள் காலையில் வேலியோரம் நின்று பார்த்தேன். கண்ணில் நின்றவர்கள் இருவர். அணிக்கு ஒருவனைத்தான் எடுக்கலாம் என்றால் யாரை எடுப்பது?

வியாசர்பாடிப் பையனுக்கு வலது ஓரம். அசுர வேகம், பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. தலைதான் நிமிர்வதில்லை. கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் சக வீரன் தனியே நிற்க, இவன் மூன்றாவது ஆளையும் ஏமாற்றப்போய்ப் பந்தைப் பறிகொடுக்கிறான்.

காசிமேட்டுப் பையன் பின்களம். வேகம் சுமார்தான். ஆனால் பெனால்டி கார்னரில், அதாவது தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பில், பார்க்க வேண்டும்! கோல்கீப்பர் உட்பட ஐவர்தான் தடுக்கலாம். அவர்களில் முதலில் பாய்பவன் இவன். முகமூடியை மாட்டிக்கொண்டு, எதிராளி பந்தை இழுத்து வீசுவதற்குள் மட்டையை நீட்டிவிடுகிறான். ஒரு பந்தை முழங்காலில் வாங்கினான்; கொஞ்சம் நொண்டிவிட்டு மறுபடி வந்து நின்றான்.

கைத்தட்டல் எல்லாம் ஓரக்காரனுக்கே. நிமிர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் இதையேதான் சொல்கிறார்கள். நான் காசிமேட்டுப் பையனையே எடுப்பேன்.