அம்பாசிடர் சில் பாக்ஸுக்குள் கேவிட்டி வாக்ஸ்: சில கோடைகளும் மழைகளும் கழிந்த பின்

அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும், உள்ளே வெற்றிடமான தகட்டுப் பெட்டியான சில் பாக்ஸும் சேர்ந்துதான் பாடியின் பாரத்தைச் சுமக்கிறது. அது உள்ளிருந்து அரித்தாலும் வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டே இருக்கும். கதவு சாத்தும்போது இடிக்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கும் விஷயம் தெரிகிறது. இதைத் தடுக்கத்தான் கேவிட்டி வாக்ஸ், அதாவது இப்படிப்பட்ட வெற்றிடங்களுக்குள் தெளிக்கும் துருத்தடுப்பு மெழுகு.

சென்னை போன்ற கடலோர ஊரில் மழையே படாமல் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் இதே கதிதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீர்த்துவிடும். உள்ளே புகுந்த உப்புத்தூசி ராத்திரிதோறும் ஈரம் கோக்கும். அதனால் வாக்ஸுக்கு முன் சில் பாக்ஸுக்குள் நல்ல தண்ணீர் விட்டு, வடிவது தெளிகிற வரை கழுவுங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, கம்ப்ரஸர் காற்றும் பிடியுங்கள். இதைச் செய்யாமல் அடித்தால் வாக்ஸ் படலத்துக்கு அடியிலேயே துரு ஓடும். செதில் செதிலாகக் கிளம்பிவிட்ட தகட்டுக்கு வாக்ஸ் மருந்தல்ல, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வெல்டிங்கும் பெயின்டும் முடிந்த பின்பே வாக்ஸ். முன்னால் அடித்தால் இடுக்கில் கசிந்து புதுப் பெயின்டில் குழி விழும். வெல்டிங் சூட்டில் தீயும் பிடிக்கும். தகடு மேல் தகடு படியும் இடத்துக்கு மட்டும் வெல்டிங்குக்கு முன்பே ஜிங்க் பிரைமர் (துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள்.

சுற்றிலும் தெளிக்கும் நாசில் மாட்டிய நீள டியூபைக் கடைசி வரை நுழைத்து, அடித்தபடியே மெதுவாக வெளியே இழுங்கள். முதல் கோட் இடுக்கில் ஊறும்படி மெல்லியதாக, மறுநாள் இரண்டாவது கோட் கெட்டியாக. ஒரு சில் பாக்ஸுக்கு ஏறக்குறைய அரை லிட்டர், ஒரு கதவுக்குக் கால் லிட்டருக்குள் போதும்.

நாள்பட்ட பயன்பாட்டில் வாக்ஸின் பெரிய குறை நம்ம ஊர் வெயில்தான். வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் தகடு தொடமுடியாதபடி கொதிக்கும். சாதாரண வாக்ஸ் இளகி அடியில் குளம்போல் தேங்க, மேல் மூலைகள் வெறும் தகடாகிவிடும். டப்பாவின் விலையைவிட, எத்தனை டிகிரி வரை வழியாது என்ற விவரத்தைப் பார்த்து வாங்குங்கள். 80 டிகிரிக்குக் குறைந்தது வேண்டாம்.

வழிந்த வாக்ஸ் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ளும். கண்ணாடி பீடிங் (ஓர ரப்பர் பட்டை) வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் பிறகு அங்கேயே நிற்கும். அடித்த மறுநாளும், முதல் வாரம் முடிந்ததும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது இன்னும் பல பட்டறைகளில் வழக்கம். அது சீக்கிரம் வடிந்துவிடும், ரப்பரை ஊதவைக்கும், அடுத்த பெயின்ட் வேலையையும் கெடுக்கும். அடிப்பகுதிக்குப் பூசும் தார்க் கோட்டிங்கைப் பெட்டிக்குள் அடிப்பது அதைவிட மோசம். காய்ந்து வெடித்ததும் தண்ணீரைத் தகட்டோடு ஒட்டிப் பிடித்துவைக்கும்.

முதல் கோடை முடிந்ததும், ஐப்பசி மழைக்கு முன், சிறிய போர்ஸ்கோப் கேமராவை (நீள ஒயரின் முனையில் கேமரா உள்ள கருவி) உள்ளே விட்டு மேல் மூலைகளைப் பாருங்கள். தகடு வெறிச்சென்று தெரியும் இடத்துக்கு மட்டும் மறுகோட் அடித்தால் போதும்.